ஏவுகணைப் படகின் மாதிரிக்கு எந்த மோட்டார்?

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகர்): 1971 டிசம்பர் 4ஆம் தேதி இரவு கராச்சியைத் தாக்கிய இந்தியக் கடற்படையின் நிபாத், நிர்காத், வீர் ஆகிய ஏவுகணைப் படகுகளில் ஒன்றை 50இல் ஒரு பங்கு அளவில், ரிமோட்டில் ஓடும் மாதிரியாகச் செய்து வருகிறேன். காசிமேட்டில் ஃபைபர் படகு வேலை செய்யும் நண்பர் அடிப்பகுதியை வார்த்துத் தருவதாகச் சொல்கிறார். மூன்று புரொப்பல்லர்களும் சுழல வேண்டும் என்பது என் ஆசை. எவ்வளவு சக்தியுள்ள மோட்டார்களை வாங்கலாம்?

பதில்: மோட்டாரைப் பிறகு பார்க்கலாம், முதலில் எடையைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சோவியத் நாட்டின் ‘ஓசா’ வகையைச் சேர்ந்த அந்தப் படகுகள் 38.6 மீட்டர் நீளமும், முழுச் சுமையுடன் ஏறத்தாழ 210 டன் எடையும் கொண்டவை. நீளத்தை 50ஆல் வகுத்தால் 77 சென்டிமீட்டர் வரும். எடையை மட்டும் 50 × 50 × 50, அதாவது 1,25,000ஆல் வகுக்க வேண்டும் என்பதால், உங்களுக்குக் கிடைப்பது சுமார் 1.7 கிலோதான். பேட்டரி, மோட்டார், பெயின்ட் உட்பட எல்லாமே அதற்குள் அடங்கினால்தான் படகு தன் நீர்மட்டக் கோட்டில் சரியாக மிதக்கும்.

ஃபைபர் வேலை தெரிந்த நண்பர் அமைந்தது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் மீன்பிடிப் படகுக்குப் போடும் ‘மேட்’ என்ற தடித்த கண்ணாடி இழை விரிப்பையே இதற்கும் போட்டுவிட வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட், தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ரெசின் என்ற பிசினைக் குடிக்கும். அதை இரண்டு அடுக்கு போட்டால் அடிப்பகுதி மட்டுமே அரைக் கிலோவை எட்டிவிடும். 200 கிராமுக்கு மிகாத நெய்த கண்ணாடி இழைத் துணி இரண்டு அடுக்கு போதும். நம் ஊர் வெயிலில் ரெசின் வெகு சீக்கிரம் இறுகிவிடுவதால், சிறிது சிறிதாகக் கலக்கச் சொல்லுங்கள்.

இந்தப் படகில் எனக்கு மிகுந்த கவலை தருவது, மேல்தளத்தில் நிற்கும் நான்கு ஏவுகணைப் பெட்டிகள். அவற்றை ரெசினில் கனமாக வார்த்தால் படகு திருப்பத்திலேயே கவிழ்ந்துவிடும். ஆகவே ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் உள்ளே வெற்றாகச் செய்து, பேட்டரியை அடித்தளத்தோடு படுக்கவையுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மேல்தள ஓரத்தை விரலால் அழுத்தி விடுங்கள். படகு சட்டென நிமிர வேண்டும். சாய்ந்தபடியே தயங்கி நின்றால் மேற்பாரம் அதிகம் என்று பொருள்.

இனி மோட்டாருக்கு வருவோம். உண்மையான படகின் வேகம் ஏறத்தாழ 38 நாட், அதாவது மணிக்கு 70 கிலோமீட்டர். மாதிரி எழுப்பும் அலையும் நிஜப் படகின் அலையைப் போலவே தெரிய வேண்டுமானால், வேகத்தை 50இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்; அப்படிப் பார்த்தால் மணிக்குப் பத்து கிலோமீட்டர் போதும். அதற்கு ‘380’ என்ற அளவுப் பெயருள்ள மூன்று சாதாரண பிரஷ் மோட்டார்களும் 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரியும் தாராளம். பிரஷ்லெஸ் மோட்டார் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி வேகக் கட்டுப்படுத்தி வேண்டும். பிரஷ் மோட்டார்கள் மூன்றும் ஒன்றையே பகிர்ந்துகொள்ளலாம். ஓரத்து இரண்டு புரொப்பல்லர்களும் எதிரெதிர்த் திசையில் சுழலட்டும். மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவில் கட்டுப்படுத்தி வாங்குவதற்கு முன், படகைத் தண்ணீரில் பிடித்து நிறுத்தி முழு விசையில் எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். மொத்தம் 12 ஆம்பியர் என்றால், 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியை முழுவதும் தீர்க்காமல் ஒன்பது நிமிடத்துக்குள் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மோட்டாரும் புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பதே மிக முக்கியம். இணைத்த பிறகு விரலால் சுழற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் இறுகினாலும் அங்கே மின்சாரம் வெப்பமாக வீணாகிறது.

கேள்வி (இராயபுரம் வாசகர்): இத்தகைய படகைக் கடலில் ஓட்டலாமா?

பதில்: துறைமுகத்திலோ அலையடிக்கும் கரையிலோ வேண்டாம். அனுமதியுள்ள, அமைதியான நன்னீர்க் குளமே ஏற்றது. உப்புநீர் மோட்டாரையும் இணைப்புகளையும் அரிப்பதோடு, ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையையும் எளிதில் விழுங்கிவிடும். எந்தத் தண்ணீரானாலும் ஏரியலை நீர்மட்டத்துக்கு மேலே பொருத்துங்கள். உப்புநீர் பட்டுவிட்டால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, ஷாஃப்ட் குழாயில் புதிய கிரீஸ் அடைத்து, மேல்தள மூடியைத் திறந்தே உலரவிடுங்கள்.