பொறுப்பு உங்கள் கையில். கோப்பு யார் கையில்?

கேள்வி: பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எங்கள் குழந்தைகள் நல அமைப்பின் பொறுப்பில் இருக்கிறாள். மருத்துவமனை, பள்ளி, உளவியல் ஆலோசகர் மூவருமே ‘ரகசியம்’ என்று சொல்லி அவளுடைய ஆவணங்களைத் தர மறுக்கிறார்கள். அவற்றைக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லையா?

பதில்: உரிமை உண்டு, எல்லாவற்றுக்கும் இல்லை. ‘ரகசியம்’ என்ற ஒரே சொல்லில் உங்களைத் திருப்பி அனுப்புவதும் சரியல்ல.

முதலில் உங்களிடம் உள்ள உத்தரவைப் படியுங்கள். அன்றாடப் பராமரிப்பு மட்டும் தரப்பட்டிருக்கிறதா, சட்டப்பூர்வப் பாதுகாவலர் என்ற நிலையும் உண்டா? பெற்றோரின் உரிமை இன்னும் நீடிக்கிறது என்றால், அவர்களது எழுத்துப்பூர்வ ஒப்புதலோ நீதிமன்ற அனுமதியோ தேவைப்படலாம். இது நாட்டுக்கு நாடு மாறும். உத்தரவின் வாசகத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்து, என்ன கேட்கிறீர்கள் என்பது. ‘முழுக் கோப்பும் வேண்டும்’ என்றால் மறுப்பது எளிது. மருந்து, ஒவ்வாமை, தடுப்பூசி விவரங்களைத் தனியாகப் பிரித்து, இன்றே வேண்டும் என்று கேளுங்கள். குழந்தையின் பையில் பாதி தீர்ந்த வலிப்பு மாத்திரை அட்டை கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேளைக்கு எத்தனை என்று சொல்ல ஆளில்லை. அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. அந்த நேரத்தில் ரகசியம் பேசுவது குழந்தையைக் காப்பதாகாது. பள்ளியிடம் வருகைப் பதிவும் கற்றல் நிலையும் போதும்.

ஆலோசகரின் குறிப்பேடு வேறு. அது அவள் ஒருவரை நம்பிச் சொன்னது. அதைக் கேட்காதீர்கள் என்பதே என் கருத்து. சிகிச்சைச் சுருக்கமும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் அபாயம் உண்டா என்ற தகவலும் கேளுங்கள். இரவில் விளக்கை அணைத்தால் அவள் அலறுவாள் என்றால், அது வளர்ப்புத் தாய்க்குத் தெரிந்தாக வேண்டும். அந்த இருட்டில் முன்பு என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

மாற்றுப் பராமரிப்பு, அதாவது பெற்றோரின் பராமரிப்பில் இல்லாத குழந்தைகளை வேறு ஒருவர் பார்த்துக்கொள்வது, குறித்து ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் உங்களுக்குத் துணை நிற்கும். குழந்தையின் பதிவேடு முழுமையாகவும் ரகசியமாகவும் பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும். பராமரிப்புக் காலம் முழுவதும் குழந்தையுடனே செல்ல வேண்டும். தற்போது பொறுப்பிலுள்ள, அதிகாரம் பெற்ற பணியாளர்கள் அதைப் பார்க்கலாம் என்கின்றன அவை. இந்தக் கடைசி வரியைக் கடிதத்தில் எழுதுங்கள். உத்தரவின் நகல், கேட்கும் ஆவணங்கள், ஒவ்வொன்றின் தேவை, படிக்கப்போகிறவர் யார், எங்கே பூட்டி வைப்பீர்கள் என்பனவும் அதில் இருக்கட்டும்.

கடிதம் அனுப்பும் முன் சிறுமியிடம் பேசுங்கள். குழந்தையின் கருத்தைக் கேட்பதையும் (பிரிவு 12) அந்தரங்கத்தையும் (பிரிவு 16) 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை உறுதிசெய்கிறது. ‘உன் மருந்து விவரத்தை டாக்டரிடம் கேட்கப் போகிறோம், அதை இன்னார் மட்டும்தான் படிப்பார்’ என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். தன்னைப் பற்றி முன்பின் தெரியாதவர்களெல்லாம் அறிந்திருக்கிறார்கள் என்பது, பராமரிப்பில் வளரும் பிள்ளைகளைக் கூனிக் குறுக வைக்கிறது.

வந்த ஆவணங்களில் உடன்பிறந்தோர் பற்றியோ புகார் கொடுத்தவர் பற்றியோ விவரம் இருந்தால், அந்தப் பக்கங்களைத் தனியாக வையுங்கள். கோப்பை யார், எப்போது திறந்தார் என்று பதிவு செய்யுங்கள்.

பிறகும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். சிறுமியை உங்களிடம் ஒப்படைத்த நீதிமன்றத்திலோ அதிகார அமைப்பிலோ அந்தக் கடிதத்துடன் மனு கொடுங்கள். மருந்து விவரத்துக்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். சிறுமியை நேரில் அழைத்துப் போய், சிகிச்சை தரும் மருத்துவரையே பாருங்கள்.