வாசகர் கேள்வி, அக்கா பதில்: கடலோரத்தில் கேரவான், அடுப்படியில் யார்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி கேரவான் விடுமுறையைப் பற்றித்தான். ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் மூடும், சார்டின் மீனும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் நம் கரைக்கு வரும், டர்பனுக்குத் தெற்கே சவுத் கோஸ்டில் இடம் பிடிக்க எல்லோருக்கும் அவசரம். ஒரே மாதிரி கேட்டிருந்தவர்களைச் சேர்த்து ஒரே கடிதமாகப் போட்டிருக்கிறேன்.

அக்கா, ஸ்காட்பர்க் பக்கம் ஒரு கேரவானும் பக்கத்தில் டென்ட்டும் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மாமியார், கொழுந்தனார் குடும்பம், என் பிள்ளைகள் எல்லாம் சேர்த்து ஒன்பது பேர், ஐந்து நாள். சாப்பாடு நாமே செய்துகொள்ள வேண்டும். என்ன பாத்திரம், என்ன சாமான் எடுத்துப் போவது? அந்தச் சின்ன அடுப்பில் ஒன்பது பேருக்கு எப்படி ஆக்கிப் போடுவேன் என்று இப்போதே பயமாக இருக்கிறது.
வாசகி, ஃபீனிக்ஸ்

தங்கச்சி, ஒன்பது பேர் போகிறீர்கள், ஆக்கிப் போடப் போவது நீ ஒருத்திதான் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். பாத்திரக் கணக்குக்கு முன்னால் அதைப் பேசுவோம். இந்த மாதிரி விடுமுறையில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: வீட்டில் பெரிய அடுப்படியில் செய்த வேலையை அதே பெண் ஒரு ஆள் நிற்க மட்டும் இடமுள்ள அடுப்படியில் குனிந்து நின்று செய்கிறாள், மற்றவர்கள் கடலுக்குப் போய் பசியோடு திரும்புகிறார்கள், அவள் மண்ணில் கால் வைப்பது கடைசி நாளில்தான். ஆண்கள் ஒரு நாள் சாயங்காலம் ப்ராய் (வெளியே நெருப்பில் கறி சுடுவது) போட்டுவிட்டால் சமையல் செய்தாயிற்று என்று நினைப்பார்கள்; அந்த ப்ராய்க்கு வெங்காயம் நறுக்கியதும், கறியை மசாலாவில் ஊறவைத்ததும், ரொட்டி சுட்டதும், அப்புறம் எண்ணெய்ப் பாத்திரம் தேய்த்ததும் யார்? புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து, எந்த நாள் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி, பெரியவர்கள் வாயால் சரி சொல்லவை. பொறுப்பு என்றால் காலைத் தேநீரிலிருந்து ராத்திரி கடைசிப் பாத்திரம் வரை. உன் கொழுந்தனார் கார் ஓட்டுகிறார் என்பதால் அவருக்கு விலக்குக் கிடையாது, ஒரு மணி நேரத்துப் பாதைதான் அது.

இனி சாமானுக்கு வருகிறேன். போய்ச் சேருகிற நாளில் அடுப்பே பற்றவைக்காதே. கோழிக் கறியை வீட்டிலேயே வைத்து, ஆறவிட்டு, தட்டையான டப்பாக்களில் ஊற்றி நன்றாக உறையவிடு. அதுவே கூலர் பாக்ஸுக்கு ஐஸ் கட்டியாகவும் ஆகிவிடும், பால் மோர் எல்லாம் அதன் பக்கத்தில் குளிர்ந்திருக்கும். இஞ்சி பூண்டு அரைத்து ஒரு பாட்டில், வறுத்துப் பொடித்த மசாலா ஒரு பாட்டில், புளி கரைத்துக் கெட்டியாக ஒரு பாட்டில், இந்த மூன்றும் இருந்தால் கேரவானில் அம்மி மிக்ஸி எதுவும் தேவைப்படாது. சுகர் பீன்ஸை முதல் நாள் ராத்திரி ஊறப்போட்டால் காலையில் நேரம் மிச்சம். பிரியாணி செய்ய ஆசைப்பட்டால் மூன்று கால் இரும்புப் பானையில் வெளியே விறகில் செய்யுங்கள், அதுதான் ஒன்பது பேருக்குக் காணும். உள்ளே இருக்கிற இரட்டை அடுப்பில் பெரிய சட்டி ஒன்று வைத்தால் அடுத்த அடுப்பில் ஒரு தேநீர்ச் சட்டிகூட உட்காராது.

மீனை மட்டும் உள்ளே பொரிக்காதே. மெத்தை, திரை, தலையணை எல்லாம் அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும், ஐந்து நாளும் போகாது.

பாத்திரம் கழுவ ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி கட்டாயம் எடுத்துப் போ. எல்லாவற்றையும் அதில் போட்டு கேரவான் பார்க்கில் எல்லோரும் பாத்திரம் கழுவும் இடமான ஸ்கல்லரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் பிள்ளைகளே கழுவிவிடுவார்கள், அங்கே மற்ற பிள்ளைகளோடு பேசிச் சிரித்துக்கொண்டு செய்வதால் சண்டையும் இருக்காது. படுக்கை விரிப்பும் துவாலையும் வாடகையில் சேர்த்தியா என்று இப்போதே கேட்டுவிடு, பல இடங்களில் சேர்த்தி இல்லை.

கேரவானில் கெட்டில் போட்டால் கரண்ட் போய்விடுகிறது. போன வருடம் ஐந்து ஆறு தடவை வெளியே ஓடிப்போய் சுவிட்சைத் தூக்கிவிட்டேன். பழுதா?
வாசகர், டோங்காட்

பழுதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. நம் பார்க்குகளில் ஒவ்வொரு இடத்துக்கும் அந்த நீலப் பிளக் வழியாகக் கிடைப்பது பொதுவாக 16 ஆம்பியர், சில இடங்களில் அதற்கும் குறைவு. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 3,680 வாட். கெட்டில் ஒன்றே 2,000 வாட் இழுக்கும். கூடவே மின் அடுப்போ ஹீட்டரோ ஓடினால் சுவிட்ச் விழத்தான் செய்யும், அது தன் வேலையைச் செய்கிறது. ஒரு நேரத்தில் சூடாக்கும் சாதனம் ஒன்று மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் போடாமல் கெட்டில் மட்டும் போட்டும் விழுந்தால், கெட்டிலையோ கம்பியையோ எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

தேநீருக்கு கேஸ் அடுப்பே மேல். சிலிண்டர் வெளியே, நிமிர்ந்து நிற்க வேண்டும். ரப்பர் குழாய் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. இந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தங்கும், அதற்காகத்தான் கேரவான் தரையில் ஓட்டை விட்டிருக்கிறார்கள். குளிர்காற்று வருகிறது என்று அதன்மேல் பாயைப் போட்டு அடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. ராத்திரி குளிருக்கு ப்ராய்க் கரியை உள்ளேயோ டென்ட்டுக்குள்ளேயோ கொண்டுவருவது அதைவிட மோசம். அணைந்தது போலத் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மாமா தன் பழைய கேரவானை எனக்கு இரவல் தருகிறார். என்னிடம் கோட் பி லைசென்ஸ் இருக்கிறது. இழுத்துக்கொண்டு போகலாமா?
வாசகர், சாட்ஸ்வொர்த்

தம்பி, கேரவானில் ஒரு உலோகத் தகடு இருக்கும், அதில் மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். 750 கிலோவுக்கு மேல் என்றால் கோட் பி போதாது, கோட் இபி வேண்டும். குடும்பமாகப் படுக்கிற கேரவான்களில் பெரும்பாலானவை அதற்கு மேல்தான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது லைசென்ஸைத்தான். கேரவானுக்குத் தனியாக லைசென்ஸ் டிஸ்க் உண்டு, அது காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்தது. வருடக்கணக்கில் மாமா வீட்டு முற்றத்தில் வெயிலில் நின்ற டயர் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், என்-டூ நெடுஞ்சாலைச் சூட்டில் வெடிக்கும். வயதான டயரை மாற்றாமல் புறப்பட வேண்டாம்.

எனக்கு வயது 78. நான் லாரி ஓட்டிய காலத்தில் இந்தக் கரையோரம் முழுக்க கேரவான்கள் நிற்கும், எல்லாம் வெள்ளைக்காரர்கள். நாங்கள் நிறுத்தித் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. இப்போது பேரன் எனக்கும் சேர்த்து புக் செய்திருக்கிறான். முழங்கால் வலி. நான் போய் அவர்களுக்குப் பாரமாக இருக்க வேண்டுமா?
வாசகர், வெருலம்

ஐயா, போங்கள். கடற்கரை முதலான பொது இடங்களை நிறவாரியாகப் பிரித்து 1953இல் போட்ட அந்தத் தனி வசதிச் சட்டத்தை 1990இல்தான் எடுத்தார்கள், கடற்கரைகளை எல்லோருக்கும் திறந்துவிட்டதே 1989 கடைசியில். உங்கள் உழைக்கும் வயதின் பெரும்பகுதி வெள்ளையருக்கு மட்டும் என்ற பலகைகளுக்கு இந்தப் பக்கமே போய்விட்டது. லா மெர்சி, ஐசிபிங்கோ பீச் போன்ற சில இடங்கள்தான் நமக்கு என்று இருந்த காலத்தைப் பிள்ளைகள் கதையாகக்கூடக் கேட்டதில்லை. நீங்கள் அந்தப் புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த இடத்தில் என்ன பலகை இருந்தது என்று பேரனுக்குக் காட்டுங்கள். இது அவர்களுக்குப் பாரமே இல்லை, உங்களைத் தவிர வேறு யார் சொல்வார்கள்?

முழங்காலுக்கு வருகிறேன். பொதுக் குளியலறையும் கழிப்பறையும் இருக்கும் அப்ளூஷன் பிளாக்குக்குப் பக்கத்தில், சமதரையில் இடம் வேண்டும் என்று பேரனை இப்போதே பார்க் ஆபீசுக்குப் பேசச் சொல்லுங்கள். கேரவான் படி உயரமாக இருக்கும், கீழே ஆடாத ஒரு அகலப் படி போட வேண்டும். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ராத்திரிக்கு டார்ச். கேரவானுக்குள் ஏறி இறங்கவே முடியாது என்றால் அதே பார்க்கில் ஷாலே (தங்குவதற்கான சின்ன வீடு) இருக்கிறதா என்று கேட்கட்டும்.

கடலில் இறங்க ஆசை இருந்தால் பாறைக்குள் கட்டிய டைடல் பூலில் இறங்குங்கள், ஸ்காட்பர்க்கில் ஒன்று இருக்கிறது, வடக்கே பலிட்டோ பக்கம் தாம்சன்ஸ் பேயில் ஒன்று இருக்கிறது. தண்ணீர் வற்றியிருக்கும் நேரம்தான் உங்களுக்குச் சரி, ஏற்றத்தில் அலை சுவரைத் தாண்டி அடிக்கும். நம் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் காலை 10 மணியை ஒட்டி வரும், ஆகவே வீட்டில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைப் பார்த்தே நாள் குறித்துவிடலாம். பாறையில் பாசி வழுக்கும், பேரன் கையை விடாதீர்கள். பிள்ளைகள் கடலில் குளிப்பதானால் லைஃப்கார்ட் கொடிகளுக்கு நடுவில் மட்டும். சார்டின் வரும் நாட்களில், குளிப்பவர்களைக் காக்கப் போட்டிருக்கும் சுறா வலையை எடுத்துவிடுவார்கள், மீன் கூட்டத்துக்குப் பின்னாலேயே வரும் சுறாவும் டால்ஃபினும் அதில் சிக்கிவிடும் என்பதால். குளிக்கத் தடை என்று பலகை வைத்திருந்தால் வாதாட வேண்டாம், கரையில் நின்று வலை இழுப்பதைப் பார்ப்பதே பெரிய கொண்டாட்டம், ஒரு வாளி மீன் வாங்கி அன்றைக்கே புளி ஊற்றிக் குழம்பு வைத்துவிடலாம்.

மாமியார் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுக்கிறார். பக்கத்துக் கேரவான்காரர்கள் சத்தம் போடுகிறார்கள். ஆஞ்சநேயர் என்கிறார், நான் எப்படித் தடுப்பேன்?
வாசகி, பீட்டர்மரிட்ஸ்பர்க்

அத்தையின் பக்தியைக் குறை சொல்லாமல் இதைச் சொல்லிப் பார். பழம் கிடைத்துப் பழகிய வெர்வெட் குரங்கு மனிதரைப் பார்த்துப் பயப்படாது, அடுத்த நாள் ஏதோ ஒரு குழந்தையின் கையிலிருக்கும் ரொட்டியைப் பிடுங்கும், கடிக்கும். அப்புறம் யாராவது பெல்லட் துப்பாக்கி எடுப்பார்கள். நம் மாகாணத்தில் உடம்பில் குண்டோடு அலையும் குரங்குகள் நிறைய. ஆகவே கொடுக்காமல் இருப்பதுதான் அதுகளுக்கு நாம் செய்கிற நல்லது. பழமும் ரொட்டியும் கண்ணில் படாமல் மூடி வையுங்கள், வெளியே போகும்போது ஜன்னலையும் கூரைத் திறப்பையும் சாத்துங்கள். குரங்கு உள்ளே புகுந்துவிட்டால் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நில், கையிலிருப்பதைத் திரும்பப் பிடுங்கப் போகாதே. அத்தை மனம் சமாதானமாகாவிட்டால், ஊர் திரும்பியதும் கோயிலில் அந்தப் பழத்தை வைத்துப் படைக்கச் சொல்.

செப்டம்பர் 24 நீண்ட வார இறுதிக்கு அண்ணன் குடும்பத்தோடு மார்கேட் போகிறோம். நாங்கள் புரட்டாசி விரதம், அவர்கள் இல்லை. ஒரே கேரவான், ஒரே அடுப்பு.
வாசகி, லெனேசியா

ஹெரிட்டேஜ் டே எப்போதும் புரட்டாசியில்தான் விழும், நாடு முழுக்க அன்று கறி சுடுகிற நாள், ஆகவே இந்தச் சங்கடம் வருடா வருடம் பல வீடுகளில் உண்டு. உள்ளே இருக்கிற அடுப்பு சைவத்துக்கு மட்டும், அசைவம் எல்லாம் வெளியே நெருப்பில், அவர்கள் கம்பியில், அவர்கள் பாத்திரத்தில் என்று பிரித்துவிடுங்கள். இரண்டு கூலர் பாக்ஸ் வேண்டும், ஃபிரிட்ஜில் கறியே வைக்காமல் அதைச் சைவத்துக்கு விடுங்கள். கேரவான் ஃபிரிட்ஜ் மெதுவாகத்தான் குளிரும், முந்தின நாளே போட்டு வைக்க வேண்டும், வண்டி சமமாக நிற்காவிட்டால் சரியாக ஓடவும் செய்யாது. மக்காச்சோளம், மதும்பி (சேப்பங்கிழங்கு), கத்தரிக்காய், பன்னீர் எல்லாம் நெருப்பில் அருமையாக வேகும். அதற்குத் தனிக் கம்பி வாங்கி, அவர்கள் கறி போடுவதற்கு முன்னால் உங்களுடையதைச் சுட்டு எடுத்துவிடுங்கள். விரதம் இருக்கிறவர்களை வெறும் சாலட்டோடு ஓரத்தில் உட்காரவைக்கக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லிவையுங்கள்.

அண்ணன் தூண்டில் போடுகிறவர் என்றால் ஷாட் மீனுக்கு அது கடைசி வாய்ப்பு, அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை பிடிக்கத் தடை. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு, 30 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைக் கடலில் விட்டுவிட வேண்டும், மீன்பிடி அனுமதியும் கையில் இருக்க வேண்டும். பிடித்ததை பார்க்கில் அதற்கென்று இருக்கும் மேடையில் அவரே சுத்தம் செய்யட்டும், உங்கள் பாத்திரத் தொட்டியில் வேண்டாம்.