444 கடைகளுக்கு ஷட்டர்: வாசகர் கேள்வி-பதில்

வட அமெரிக்காவில் 444 கடைகளை மூடப்போவதாக செவன் இலெவனின் ஜப்பானியத் தாய் நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. அதிலிருந்தே, இப்படி நாள் முழுக்கத் திறந்திருந்து சில்லறைச் சாமான்கள் விற்கிற கன்வீனியன்ஸ் கடைகளைப் பற்றிக் கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

டல்லாஸில் எங்கள் தெருமுனை செவன் இலெவனை மூடிவிட்டார்கள். கம்பெனி பிறந்த ஊரிலேயே இப்படி என்றால் மொத்தமாக முழுகப் போகிறதா சார்?
– டெக்சஸ் வாசகர்

முழுகவில்லை. அறிவித்தபோது வட அமெரிக்காவில் அவர்களுக்கு 13,000-க்கும் மேல் கடைகள் இருந்தன. 444 என்பது அதில் மூன்றரை சதவீதத்துக்கும் குறைவு. மூடுகிற கையோடு, சாப்பாட்டுக்கு அதிக இடம் ஒதுக்கிய பெரிய கடைகளைத் திறக்கும் திட்டத்தையும் சொன்னார்கள்.

ஆனால் 'எல்லாம் வழக்கமான களையெடுப்புதான்' என்று அவர்கள் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். கடைக்கு வருகிற கூட்டம் மாதக்கணக்காகக் குறைந்துகொண்டே வந்தது. 2024 ஆகஸ்டில் மட்டும் முந்தைய ஆண்டைவிட 7.3 சதவீதம் சரிவு. விலைவாசி ஏறியதில் முதலில் செலவைக் குறைத்தவர்கள் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்கள். இந்தக் கடைகளை நடத்தி வந்ததே அவர்கள் காசுதான். போதாததற்கு, 2021-இல் ஸ்பீட்வே என்ற தொடரை 2,100 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். ஒரே வீச்சில் ஏறத்தாழ 3,800 கடைகள் கூடின. அவ்வளவையும் அள்ளிப் போட்டுக்கொண்டவர்கள் பிறகு சிலவற்றைக் கழிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நீங்கள் டல்லாஸ்காரர் என்பதால் ஒன்று. இந்தக் கம்பெனி 1927-இல் உங்கள் ஊரில் ஐஸ் விற்கத் தொடங்கியது. ஐஸ் வாங்க வருகிறவர்களுக்குப் பாலும் ரொட்டியும் முட்டையும் சேர்த்து விற்றார்கள். பிறகு வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்து ஐஸ் வியாபாரம் ஓய்ந்தது, பாலும் ரொட்டியும் மட்டும் நிலைத்துவிட்டன. பழக்கம் மாறுவது இவர்களுக்குப் புதிதல்ல.

சிகரெட் விற்பனை குறைந்ததும் ஒரு காரணம் என்று படித்தேன். ஆயிரம் சாமான் விற்கிற கடைக்கு சிகரெட்டா உயிர்நாடி?
– நியூஜெர்சி வாசகி

உயிர்நாடியேதான். ஒரு காலத்தில் செவன் இலெவனில் மிக அதிகம் விற்ற பிரிவு சிகரெட். 2019-இலிருந்து அது 26 சதவீதம் இறங்கிவிட்டதாக அவர்களே சொன்னார்கள். நாட்டுக் கணக்கைப் பார்த்தாலும் அதே கதைதான். 1965-இல் அமெரிக்கப் பெரியவர்களில் நூற்றுக்கு 42 பேர் புகைத்தார்கள். 2022-இல் சுமார் 12 பேர்.

சிகரெட் பாக்கெட்டில் நிற்கிற லாபம் உண்மையில் சொற்பம். அடி விழுந்தது அங்கே இல்லை. அடுத்த முறை போகும்போது கடையை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். சிகரெட் மட்டும் கல்லாவுக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும். வயது பார்க்க வேண்டும், திருட்டும் போகக்கூடாது என்பது காரணம். ஆனால் அதனாலேயே வாங்குகிறவர் கல்லா வரை வந்து நின்றே ஆக வேண்டும். அவர் கைக்கெட்டும் தூரத்தில் லைட்டர், சூயிங்கம், கண்ணாடிக்குக் கீழே சுரண்டிப் பார்க்கிற லாட்டரி. பக்கவாட்டில் காபி. உருளைக் கம்பிகள் மேல் மணிக்கணக்காகப் புரண்டுகொண்டிருக்கும் ஹாட் டாக். பியரும் கோலாவும் கடைசிச் சுவரில், அதாவது கடை முழுக்க நடந்தால்தான் கிடைக்கும்.

பாக்கெட் தீர்ந்ததும் தவறாமல் வருகிற ஆள் புகைப்பவர். இரண்டு நாளைக்கொரு முறையாவது வருவார். வந்தால் காபி எடுப்பார், லாட்டரி சுரண்டுவார், அப்படியே பெட்ரோலும் போடுவார். அவர் சிகரெட்டை விட்ட அன்று கடைக்குப் போனது பாக்கெட் மட்டும் இல்லை, அந்த வரவு முழுக்கப் போய்விட்டது. வேப் என்ற மின் சிகரெட் பிடிக்கிறவர்கள் அதற்கென்றே இருக்கிற கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். உதட்டுக்குள் வைக்கிற நிகோட்டின் பொட்டலம் விற்கிறது, ஆனால் பழைய பள்ளத்தை அது நிரப்பவில்லை.

பெட்ரோலும் இதே வழியில் போகிறது. அமெரிக்காவில் விற்கிற பெட்ரோலில் சுமார் 80 சதவீதம் கன்வீனியன்ஸ் கடைகளின் பம்புகளில்தான் விற்கிறது. வண்டிகள் முன்பைவிடக் குறைவாகக் குடிக்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவருக்கு வழியில் நிறுத்தக் காரணமே இல்லை. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இரவில் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்கிறார்கள். யாரும் திட்டமிட்டு வாங்காத சாமான்களை நம்பி நிற்கிற கடை இது. வழியில் நிறுத்துகிற பழக்கம் குறைந்தால் உள்ளே என்ன அடுக்கினாலும் பிரயோஜனம் இல்லை.

மாமா ஒருவர் பணம் தருவதாகச் சொல்கிறார். டெக்சஸில் ஒரு ஃபிரான்சைஸ் கடை (கம்பெனி பெயரில் நாம் நடத்துவது) விலைக்கு வருகிறது. 'ராத்திரி பகல் ஓடுகிற கடை, கண்ணை மூடிக்கொண்டு எடு' என்கிறார். எடுக்கலாமா?
– ஹூஸ்டன், 29 வயது

கண்ணைத் திறந்துகொண்டு பாருங்கள் தம்பி. கடை விலைக்கு வருவதே ஒரு கேள்விதான்: நன்றாக ஓடுகிற கடையை அவர் ஏன் விற்கிறார்?

முதலில் பங்குக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். செவன் இலெவன் மாதிரியான ஏற்பாட்டில் இடமும் கட்டடமும் பெரும்பாலும் கம்பெனியுடையது. கொள்முதல் விலை போக நிற்கிற மொத்த லாபத்தைக் கம்பெனியும் நீங்களும் ஏறக்குறையப் பாதிப்பாதியாகப் பிரிக்கிறீர்கள். பல ஒப்பந்தங்களில் கம்பெனியின் பங்கு பாதிக்கும் மேலே. ஒரு பேச்சுக்கு, 100 டாலர் விற்றால் 35 டாலர் மொத்த லாபம் என்று வையுங்கள். உங்கள் கைக்கு 17 டாலர் சொச்சம். வேலையாட்களின் சம்பளம் அந்த 17-இலிருந்துதான் போக வேண்டும். இரவு மூன்று மணிக்கு நாலு பேர் வந்தாலும் கல்லாவில் ஓர் ஆள் நின்றே ஆக வேண்டும். 'ராத்திரி பகல் ஓடுகிற கடை' என்று மாமா சொல்வது வரவு மட்டும் இல்லை, செலவும்தான். விற்பனை பத்து சதவீதம் இறங்கினால் கம்பெனியின் பங்கும் இறங்கும், சரி. ஆனால் சம்பளச் செலவு இறங்காது, அது முழுக்க உங்கள் தலையில்.

அடுத்தது, அமெரிக்கச் சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிற ஓர் ஆயுதம். பலர் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஃபிரான்சைஸ் விற்கிற கம்பெனி, நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாள் முன்னால் 'ஃபிரான்சைஸ் டிஸ்குளோஷர் டாக்குமென்ட்' என்ற ஆவணத்தைத் தர வேண்டும். தடிமனாக இருக்கும், பயப்பட வேண்டாம். முதலில் 20-வது பிரிவைத் திறங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை கடை திறந்தது, எத்தனை மூடியது, எத்தனை கை மாறியது என்று மாநிலவாரியாக இருக்கும். கடையை விட்டுப் போனவர்களின் பட்டியலும் தொடர்பு விவரங்களோடு அங்கேயே கிடைக்கும். டெக்சஸ்காரர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அரை மணி நேரம் மனம்விட்டுப் பேசினார்கள் என்றால் எந்த ஆலோசகருக்கும் நீங்கள் பணம் கட்ட வேண்டாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம், இந்தக் குறிப்பிட்ட கடையின் மூன்று வருஷக் கணக்கு. மொத்த விற்பனையைப் பார்த்து மயங்காதீர்கள். சிகரெட் எவ்வளவு, சூடான சாப்பாடு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். சிகரெட் பெரும் பங்காக இருந்து சாப்பாடு ஒன்றுமே இல்லை என்றால் நான் எடுக்க மாட்டேன். கம்பெனியே கடையை மூடினால் உங்கள் முன்பணத்துக்கு என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்பதை வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள். மாமாவின் பணம் என்பதால் கூடுதல் ஜாக்கிரதை. வட்டி இல்லாவிட்டாலும் உறவு இருக்கிறது.

டோக்கியோவில் நடந்த இடமெல்லாம் கன்வீனியன்ஸ் கடை. அங்கே மட்டும் இந்த நோய் இல்லையா?
– சிங்கப்பூர் வாசகர்

நோய் உண்டு, வேறு மாதிரி. 1974-இல் டோக்கியோவின் டோயோசு பகுதியில் முதல் செவன் இலெவன் திறந்தது. இன்று ஜப்பானில் அவர்களுக்கு மட்டும் 21,000-க்கும் மேல். அங்கே கூட்டத்தை இழுப்பது சாப்பாடு: ஓனிகிரி என்ற சோற்று உருண்டை, முட்டை சாண்ட்விச், மதியப் பெட்டிச் சாப்பாடு. கரன்ட் பில் கட்டலாம், பார்சல் அனுப்பலாம், ஏடிஎம்மும் உண்டு.

அங்கே தட்டுப்பாடு ஆட்களுக்கு. 2019-இல் ஒசாகா அருகே ஒரு கடைக்காரர், இரவு நிற்க ஆள் கிடைக்காமல், 24 மணி நேர விதியை மீறிப் பின்னிரவில் கடையை அடைத்தார். கம்பெனி அபராதம் என்று மிரட்ட, அது நாடு முழுக்க விவாதமானது. கடைசியில் கம்பெனிதான் இறங்கி வந்து நேரத்தைத் தளர்த்தியது. அதே ஆண்டு அக்டோபரில், லாபமில்லாத ஏறக்குறைய 1,000 கடைகளை மூடுவதாகவோ இடம் மாற்றுவதாகவோ அறிவித்தார்கள்.

சாப்பாட்டை நம்பிய வியாபாரத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. விற்காத உணவைக் கொட்டுகிற நஷ்டம் பெரும்பாலும் கடைக்காரர் தலையில் விழுந்தது. காலாவதி நெருங்கிய சாப்பாட்டைத் தள்ளுபடியில் விற்கவும் கம்பெனி விடவில்லை. 2009-இல் ஜப்பானின் வணிகப் போட்டி ஆணையம் தலையிட்டு அந்தத் தடையை நீக்கச் சொன்னது. அமெரிக்கக் கடைகளையும் சாப்பாட்டுக் கடையாக்கப் போகிறோம் என்கிறார்களே, இந்தக் கணக்கை அங்கே யார் தலையில் எழுதுவார்கள் என்பதுதான் நான் கவனித்துக்கொண்டிருப்பது.

கனடாக்காரர்கள் செவன் இலெவனை வாங்கப் போவதாகச் சொன்னார்களே, என்ன ஆயிற்று?
– டொரண்டோ வாசகர்

நடக்கவில்லை. சர்க்கிள் கே கடைகளின் முதலாளியான கியூபெக்கின் அலிமென்டேஷன் கூஷ்-டார், 2024 ஆகஸ்டில் கேட்டது, பிறகு விலையை ஏற்றி ஏறக்குறைய 4,700 கோடி டாலர் வரை போனது. எதிர்த்தரப்பு மனம் திறந்து பேசவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு 2025 ஜூலையில் விலகிவிட்டது.

இவ்வளவு கஷ்டம் என்றால் டெக்சஸின் பெட்ரோல் பம்பு-கடைத் தொடரான பக்கீஸ் மட்டும் எப்படி இவ்வளவு பெரிதாகக் கட்டுகிறது?
– ஆஸ்டின் வாசகி

உங்களுக்குப் பக்கத்தில், லூலிங்கில் 2024-இல் திறந்தார்களே, 75,000 சதுர அடி, 120 பம்பு. அங்கே போகிறவர்கள் வழியில் நிறுத்துவதில்லை, அதற்கென்றே கிளம்பிப் போகிறார்கள். சுத்தமான கழிவறையும் கண்ணெதிரே வெட்டித் தருகிற பிரிஸ்கெட் மாட்டிறைச்சியும் போதும், குடும்பத்தோடு அரை மணி நேரம் செலவழிக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் அயோவாவின் கேசீஸ் என்ற கன்வீனியன்ஸ் தொடர். சின்னச் சின்ன ஊர்களில் பீட்சா சுட்டு விற்றே அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய பீட்சா தொடராகிவிட்டது. சிகரெட்டை விட்டவரும் இரவு சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்.

இந்தியாவில் இந்த மாதிரித் தொடர்கள் ஏன் நிலைப்பதில்லை?
– கோவை வாசகர்

செவன் இலெவன் 2021 அக்டோபரில் ரிலையன்ஸுடன் மும்பை அந்தேரியில் முதல் கடை திறந்தது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது வடக்கே இருந்த '24செவன்'. நடத்தியது யார் தெரியுமா? காட்ஃப்ரே பிலிப்ஸ், சிகரெட் கம்பெனி. 2024 ஏப்ரலில் அந்தச் சில்லறை வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டது. ஏசி, பெரிய வாடகை, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள். எதிர்வரிசையில் வாடகையே பெரிதாக இல்லாத பெட்டிக்கடை, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பாலை வாசலில் வைக்கிற ஆப். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் பிழைப்பது கடினம்.

மூடிய கடையில் வாங்கிய கிஃப்ட் கார்டு செல்லுமா? லாட்டரி ஒன்றும் கையில் இருக்கிறது.
– வர்ஜீனியா வாசகி

தொடரின் வேறு கிளைகள் திறந்திருந்தால் பொதுவாக அங்கே கார்டு செல்லும். லாட்டரி கடையுடையதல்ல, மாநிலத்துடையது. சின்னப் பரிசு என்றால் அதே மாநிலத்தில் லாட்டரி விற்கிற எந்தக் கடையிலும் மாற்றலாம். ஆனால் தொடரே முடங்கினால் கதை வேறு: 2024 ஏப்ரலில் ஃபாக்ஸ்ட்ராட் என்ற கன்வீனியன்ஸ் தொடர் சிகாகோ, டல்லாஸ், ஆஸ்டின், வாஷிங்டன் பகுதிகளில் இருந்த 33 கடைகளையும் ஒரே நாளில் அடைத்துவிட்டது. தடுமாறுகிற கம்பெனியின் கார்டு கையில் இருந்தால் இந்த வாரமே செலவழித்துவிடுங்கள்.