குடிநீர் நிதிப் பற்றாக்குறை: முதலில் நிலுவையைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் நகராட்சியின் குடிநீர் வடிகால் நிதியில் ஆண்டுதோறும் பள்ளம் விழுவதாகவும், பொதுச் செலவுகளுக்கான வருவாய் நிதியிலிருந்து எடுத்து நிரப்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். கட்டண உயர்வுக்கு முன் கேட்பு (வசூலிக்க வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பட்டியலை வார்டு வாரியாகக் கேளுங்கள். சொத்து வரியோடு வசூலாகும் குடிநீர் வரிப் பங்கு இந்த நிதியில்தான் வரவு வைக்கப்படுகிறதா என்பதையும் சரிபாருங்கள். நான் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்.

அடுத்தது கசிவு. ஏற்றிய 100 லிட்டரில் 30 லிட்டர் மண்ணுக்குள் போனாலும், மின்கட்டணம் 100 லிட்டருக்கும் கட்டியாக வேண்டும். அதைக் கட்டணத்தால் ஈடுகட்டுவது ஒழுங்காகப் பணம் செலுத்துபவரைத் தண்டிப்பதாகும்.

வருவாய் நிதியிலிருந்து எடுத்த தொகையைக் கடனாகவே பதியச் சொல்லுங்கள். இல்லையென்றால் தெருவிளக்குக்கும் சாலைக்கும் உரிய பணம் சத்தமின்றிக் கரைந்துவிடும்.