‘ஸ்ட்ராபெர்ரி நிலா’, ‘ஓநாய் நிலா’ மாதிரி தமிழில் பௌர்ணமிகளுக்குப் பெயர் உண்டா?

இருக்கிறது. வருஷா வருஷம் நீங்களே சொல்லிக்கொண்டுதான் இருப்பீர்கள், அது நிலாவின் பெயர் என்று தோன்றியிருக்காது. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம். முன்பாதி மாதம்; பின்பாதி, அந்த மாதத்து முழுநிலா எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும் என்பது.

ஜூனில் காட்டு ஸ்ட்ராபெர்ரி பழுக்கும், அதனால் அது வட அமெரிக்கப் பழங்குடிகளுக்கு ஸ்ட்ராபெர்ரி நிலா. ஏப்ரலின் ‘பிங்க் மூன்’கூட அங்கே அப்போது பூக்கும் ஒரு பூவின் நிறம்தான். (சேனலில் ‘இளஞ்சிவப்பு நிலா’ என்று போட்டதை நம்பி மொட்டைமாடிக்குப் போய் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.) நம் பெயர்களில் இருப்பது வானத்து விலாசம்.

மொத்தம் 27 நட்சத்திரம், 12 மாதம். ஆகவே ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டேகால் நட்சத்திரத் தூரம். சித்திரைக்குப் பிறகு சுவாதியைத் தாண்டி விசாகம். மகத்துக்குப் பிறகு பூரத்தைத் தாண்டி உத்திரம். சில இடங்களில் இரண்டைத் தாண்ட வேண்டும்: பூரட்டாதிக்குப் பிறகு உத்திரட்டாதி, ரேவதியை விட்டு அசுவதி. மாதங்களின் பெயரே இப்படி வந்ததுதான். விசாகத்தில் நிலா நிறைவதால் வைகாசி, மகத்தில் நிறைவதால் மாசி, கார்த்திகையில் நிறைவதால் கார்த்திகை. புரட்டாசியும் ஐப்பசியும் பூரட்டாதி, அசுவதியின் திரிபுகள்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது என் அப்பத்தா. ஒரு கார்த்திகை ராத்திரி, திண்ணையில் அகல் எல்லாம் ஏற்றி முடித்த பிறகு, “நெலாவ கட்டவெரலால மறச்சுக்கிட்டுப் பக்கத்துல பாருடா, ஆறுமீனு தெரியும்” என்றார். மறைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தேன். ஆறு எங்கே, நாலுதான் தெரிந்தது. நிலா வெளிச்சம் மீதியை விழுங்கிவிட்டது. ஆனாலும் காலண்டரில் படித்த ‘கார்த்திகை’ அன்றைக்குத்தான் கண்ணுக்கு எட்டும் ஒரு பொருளானது. கார்த்திகை மங்கல்தான், நீங்கள் முதலில் சித்ரா பௌர்ணமியில் பாருங்கள். சித்திரை தனி நட்சத்திரம், நல்ல பிரகாசம், நிலா பக்கத்தில் இருந்தாலும் தெரியும். மாசியில் மகமும் அப்படித்தான்.

நட்சத்திரமும் பௌர்ணமியும் ஒரே நாளில்தான் விழும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் முன்பின் ஆகும். 2025-ல் திருவண்ணாமலையில் மகாதீபம் டிசம்பர் 3 சாயங்காலம்; பௌர்ணமி திதி பிறந்ததோ மறுநாள் காலை. தீபத்துக்குக் கணக்கு நட்சத்திரம், கிரிவலத்துக்குத் திதி.

மார்கழி மட்டும் கொஞ்சம் வம்பு. மாதப்பெயர் மிருகசீரிடத்திலிருந்து வந்தது, நாம் கொண்டாடுவதோ அடுத்த நட்சத்திரமான திருவாதிரையை. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம், வீட்டில் களி. ஐப்பசிப் பௌர்ணமியை யாரும் அசுவதி என்று சொல்வதில்லை, அது அன்னாபிஷேகம்; கங்கைகொண்ட சோழபுரத்தில் அவ்வளவு பெரிய லிங்கத்தையும் சோற்றால் மூடுவார்கள். ஆக, கோயில் சடங்கே பெயரான பௌர்ணமியும் உண்டு.

இது பிற்காலத்துச் சோதிடக்காரர்கள் கட்டியது என்று சொல்பவர்களுக்கு: சிலப்பதிகாரத்தில் புகாரின் இந்திர விழா சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரத்தோடு திங்கள் சேரும் நாளில் தொடங்குகிறது. சம்பந்தரின் மயிலைப் பதிகத்தில் கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் எல்லாம் வரிசையாக வருகின்றன.

பௌர்ணமிக்கே தமிழ்ச்சொல் கேட்டால் பழைய நூல்களில் ‘வெள்ளுவா’ இருக்கிறது, அமாவாசை ‘காருவா’. பேச்சில் இரண்டும் போய்விட்டன. யாழ்ப்பாணத்தில் ‘பறுவம்’ என்பார்கள். அங்கே சித்திரைப் பறுவம் இறந்துபோன தாய்க்கு விரதமிருக்கும் நாள். தகப்பனுக்கு ஆடி அமாவாசை. கோயில்களில் சித்திரபுத்திரனார் கதை படித்து, வந்தவர்களுக்கெல்லாம் சித்திரைக் கஞ்சி ஊற்றுவார்கள்.