முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு, அம்மாவோடு

முழங்கால் நோவும் சீனி வருத்தமும் (நீரிழிவு) உள்ள அம்மாவை இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கூட்டிப்போகலாமா, இடையில் பிள்ளையார் கோயில் இருக்கிற முறிகண்டியில் இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒட்டுசுட்டான் வழியாகப் போகிற பஸ் மாங்குளத்தில்தான் யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 வீதியைப் பிடிக்கும். முறிகண்டி அதற்கு வடக்கே, பஸ் திரும்புவது தெற்கே. ஆகவே அங்கே விற்கிற கச்சானும் (வேர்க்கடலை) கிடையாது, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் வழியில்லை.

என்னைக் கேட்டால் இரவு பஸ்ஸை விடுங்கள். விடிய வெளிக்கிட்டு வவுனியா வரைக்கும் மட்டும் பஸ்ஸில் போங்கள். பின் சீட் வேண்டாம், குலுக்கல் முழுக்க முழங்காலுக்குத்தான். அங்கே ஆறுதலாகச் சாப்பிட்டு, மருந்தும் எடுத்துவிட்டு ரயில் ஏறுங்கள். ரயிலில் கழிப்பறை இருக்கும், எழும்பி நடக்கலாம், டிரைவரிடம் கெஞ்சத் தேவையில்லை. நேரத்தை மட்டும் முதல்நாளே ஸ்டேஷனில் கேளுங்கள். அப்புறம், வழியில் அவசரம் வருமென்று பயந்து அம்மா தண்ணீர் குடிக்காமல் இருப்பார். விடாதீர்கள்.