கேமராவை விடுங்கள், மேடம்

குடியாத்தத்திலிருந்து மாலை நேர எம்.காம். வகுப்பை ஆன்லைனில் எடுப்பதாகவும், யாரும் கேமரா போடுவதில்லை, கேள்வி கேட்டால் பதிலே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை முடிந்து பஸ்ஸில் வருபவரும், ஜவ்வாது மலையில் சிக்னல் தேடுபவரும் அந்த வகுப்பில் இருக்கலாம்.

உரையாடல் குறையக் குறைய ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே தூரம் கூடும் என்பது தொலைநிலைக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூரின் கருத்து. அதனால் அசைன்மென்ட் திருத்தியதும் பெயர் சொல்லிச் சின்னதாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள்: "தேய்மானக் கணக்கு சரி, பதிவில்தான் பற்றும் வரவும் மாறிப்போச்சு." எல்லாருக்கும் ஒரே வாரத்தில் முடியாது, வாரம் பத்துப் பேர் போதும். மதிப்பெண்ணை மட்டும் போட்டு அனுப்புவதில் எனக்கு நம்பிக்கையே இல்லை.

அப்புறம், வகுப்பு முடிந்ததும் இணைப்பை உடனே துண்டிக்காதீர்கள். கூச்சப்படுபவர்கள் மற்றவர்கள் போன பிறகுதான் சந்தேகம் கேட்பார்கள்.